தோட்டத்து நேரம் மூன்றே முக்கால்

போன மாதம் அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கிளாக்கர் போன் எடுத்தார். ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். அவருடைய தோட்டத்துக்கு ஏதோ வழக்காம். மின்னஞ்சல்கள் சிலவற்றை அச்செடுத்து, கூடவே 'இந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது' என்று ஒரு சத்தியக்கடதாசியும் தயாரித்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணே, சும்மா ஒரு கையெழுத்துதான். போட்டுறவா?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்து கத்திவிட்டேன். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா கிடக்கிற மனுஷனுக்கு எதற்கு இத்தனை சத்தம் என்று மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். 'சும்மா ஒரு கையெழுத்து' நானும் ஒரு தடவை போட்டவன். அது என்னை நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட விடவில்லை. போனில் சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மஸ்கெலியா வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில். தோட்டத்தின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் ஆறேழு வருடத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டச்சு, கார்பன் தாள், ஏச்சு. பிறகு கம்பனி ஒரு கணினியை அனுப்பி வைத்தது. தட்டச்சு தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை அட்டனுக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கணினி அறையின் சாவி என் இடுப்புக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனந்தான், அதை மறைப்பானேன்.

அந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு கோப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்திப் பார்த்தால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். கடிதத்தில் நாம் என்ன தேதி போட்டிருந்தாலும் சரி, அந்தக் கோப்பு முதலில் உண்டானது எந்த நாள், எந்த நிமிடம், கடைசியாகத் திருத்தியது எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடிதத்தின் சாதகக் குறிப்பு மாதிரி. எங்கள் பக்கம் கரண்ட் எந்த நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வரி அடித்த உடனே கோப்பைச் சேமித்துவிடுவது என் வழக்கம். ஆகவே என் கோப்புகளின் பிறந்த நேரம் நிமிடம் பிசகாமல் இருக்கும் என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எங்களுக்கு இருந்த பெரிய தொரை, அதாவது தோட்டத்து மனேஜர், சத்தம் போடாத மனிதர். சிங்களவர், ஆனால் அவருடைய அப்பா தோட்டத்து டீமேக்கராக இருந்தவர் என்பதால் எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார். யாரையும் ஏச மாட்டார். கடிதத்தில் பிழை கண்டால் அதை ஓரத்தில் இரண்டு விரலால் தூக்கி வந்து நம் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். பிழையை நாமே கண்டுபிடித்துச் சொல்லும் வரை திரும்ப மாட்டார். அவர் எழுதுவது எப்போதும் பச்சை மையில். வாய்க்கு வந்தபடி ஏசுகிற தொரைமார் சிலரிடம் நான் வேலை செய்திருக்கிறேன், அவர்களிடம் எனக்குப் பயம் இருந்ததில்லை. இவர் முதுகைப் பார்த்தாலே அடித்த வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்குவேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு, நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளினார்கள். மறுநாள் சுவர்க் கடிகாரத்தைத் திருத்த நான் முக்காலியில் ஏறினேன். தொரை வாசலில் நின்று பார்த்தார்.

"எறங்குங்க லிங்கம். சூரியனுக்குக் கொழும்பு நேரம் தெரியுமா? நம்ம பெரட்டு பழைய நேரத்துலயே இருக்கட்டும்."

பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி மலைக்கு அனுப்புவது. அதற்கு ஊதுகிற பெக்டரிச் சங்கு, ஆபீஸ் கடிகாரம், என் கணினி, எல்லாமே அதன் பிறகும் பழைய நேரத்தில்தான் ஓடின. ஊர் நேரத்துக்கு அரை மணி முன்னால். யாராவது மணி கேட்டால் "தோட்டத்து நேரமா, டவுன் நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லுவோம். அட்டன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் மனதுக்குள் அரை மணி கழித்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அது பழகிப்போய், ஆபீசுக்குள் இருக்கும் நேரத்தில் அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

அந்த வருடம் மழைக்காலத்தில்தான் தெய்வானையின் விஷயம் நடந்தது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிராவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். நாற்பது வயதிருக்கும். ஒரு நாள் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் வடிகால் கானில் விழுந்து கால் முறிந்துவிட்டது. கதவுக் கொண்டி உடைந்து இரண்டு மாதமாகிறது, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன் என்றாள் தெய்வானை. கவனமில்லாமல் இருந்தாள் என்றது நிர்வாகம். அவளுக்குப் புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். வேலை போனால் லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், இருக்கும் காம்பிராவும் போகும். அந்த ஒற்றைக் காம்பிராவை விட்டால் அந்த மூன்று பேருக்கும் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது.

கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை விசாரணைக்கு வரவழைத்தார்கள். ஒரு பின்னேரம், கணினி அறைக்குப் பக்கத்து அறையில் விசாரணை. அது நடந்துகொண்டிருக்கும்போதே தொரை என் அறைக்கு வந்தார். கையில் பச்சை மையில் எழுதிய அரைப் பக்கம்.

"லிங்கம், இத அடிச்சு வச்சிருங்க. அவரு முடிச்சதும் சைன் வைக்கணும்."

படித்துப் பார்த்தேன். வேலைநீக்கக் கடிதம். விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்பட்டதால் என்று தொடங்கியது. பக்கத்து அறையில் தெய்வானை இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். நான் என்ன செய்தேன்? அடித்தேன். தோட்டத்தில் எத்தனையோ காரியம் இப்படித்தான் நடக்கிறது, நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். விசாரணை முடிந்து கண்டி அதிகாரி ஜீப்பில் ஏறியதும் தொரை கையெழுத்து வைத்தார். கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரு பிரதியை ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் காலையில் கடிதம் அவள் கைக்குப் போனது.

தொழிற்சங்கம் அதை அட்டன் தொழில் நியாய சபைக்குக் கொண்டுபோனது. வழக்கு முடியும் வரை காம்பிராவைக் காலி செய்யச் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள். தெய்வானைக்காக வந்தவர் யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர். அட்டனில் பல வருடமாக இருக்கிறவர். முடிவை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு விசாரணை என்று ஒரு நாடகம் ஆடியிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆனால் அதற்கு அவளுடைய வாய்ச்சொல்லைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம், தோட்டத்துக்காக வாதாடுகிற வக்கீல் கொழும்பிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தார். இளம் வயது, நல்ல சுறுசுறுப்பு.

"மிஸ்டர் லிங்கம், இந்த லெட்டர எத்தன மணிக்கு அடிச்சீங்கன்னு மெஷின் சொல்லுமா?"

யாராவது ஒருவர் அதைக் கேட்க மாட்டாரா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவன் நான். பொத்தானை அழுத்திப் பெட்டியைத் திறந்து காட்டினேன். உண்டான நேரம்: பிற்பகல் 3.45. வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. தொரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை அச்செடுத்தார்கள். கணினியிலிருந்து எடுத்த சாட்சி என்றால் அதைப் பொறுப்பில் வைத்திருந்தவர் சத்தியக்கடதாசி தர வேண்டும் என்றார் வக்கீல். 'மேற்படி காலம் முழுவதும் இக்கணினி ஒழுங்காக இயங்கியது' என்று அதில் ஒரு வரி. ஒழுங்காகத்தானே ஓடியது? ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. மஸ்கெலியாவில் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு லேசாக இருந்தது மனசு.

ஒரு வாரம் கழித்து, சாட்சி சொல்லப் பழக்குவதற்காக வக்கீல் என்னை அட்டனுக்குக் கூப்பிட்டார்.

"சிம்பிள். விசாரணை மூணரைக்கு முடிஞ்சிருக்கு, விசாரணை அதிகாரி எழுதி வச்சிருக்காரு. லெட்டர் மூணே முக்காலுக்குத்தான் உண்டாகியிருக்கு. காலு மணி நேரம் கழிச்சு. கேஸ் முடிஞ்சுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அடித்த கடிதம் எப்படி விசாரணை முடிந்த பிறகு பிறக்கும்?

வக்கீல் சிரித்தார். "அந்தப் பொம்பள போன தவணையில என்ன சொல்லிச்சு தெரியுமா? நாலு மணிச் சங்கு ஊதுறப்பத்தான் வெளிய வந்தேன்னு. மூணரைன்னு எழுதின தாள்ல கையெழுத்தும் வச்சிருக்கு. பச்சப் பொய்."

சங்கு என்றதும்தான் எனக்கு உறைத்தது. அவள் சொன்னது தோட்டத்துச் சங்கு. தோட்டத்து நாலு மணி என்றால் ஊர் நேரம் மூன்றரை. கண்டியிலிருந்து வந்த அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியதும் அதே மூன்றரைதான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. என் கணினியின் மூன்றே முக்கால்தான் ஊர் நேரத்தில் மூன்றேகால். விசாரணை முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே பிறந்த கடிதத்தை, முடிந்து கால் மணி நேரம் கழித்துப் பிறந்ததாக நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். நான் பெருமையோடு திறந்து காட்டிய அந்தப் பெட்டி அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வழக்குத் தவணைக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. தொரைக்குத் தெரிந்திருக்குமா? கடிதம் முன்னாலேயே அடிக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். அடிக்கச் சொன்னவரே அவர்தான். நேரத்தைத் திருத்த வேண்டாம் என்றவரும் அவர்தான். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்தாரா, இல்லை மடியில் தானாக வந்து விழுந்ததைத் தட்டிவிடுவானேன் என்று இருந்துவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடமே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவர் தலை நிமிர்ந்து, "என்ன லிங்கம்?" என்றார். பிரிண்டருக்கு மை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். மை முடியவில்லை. புது மைப் பெட்டி மறுநாளே வந்து சேர்ந்தது.

பயம் என்று ஒன்றைச் சொன்னால் போதாது. வேலை போகும், குவாட்டர்ஸ் போகும், பொய்ச் சத்தியம் செய்தவன் என்று என்னையே கூண்டில் ஏற்றுவார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்காரும். வழியில் தெய்வானையின் பெண்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போவதைக் கண்டால் நான் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவேன்.

"என்னங்க, சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு அப்புடியே வச்சிட்டு எந்திரிக்கிறீங்க? ஒடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி. அவளிடம் மட்டும் சொன்னேன்.

"கேட்டா சொல்லுங்க. கேக்காட்டி நீங்களா எதுக்குப் போயி..." என்று நிறுத்தினாள். அவளுக்கும் குவாட்டர்ஸ்தானே வீடு.

கேட்டால் சொல்லிவிடுவது என்று நானும் தீர்மானித்தேன். யாழ்ப்பாணத்து வக்கீல் கெட்டிக்காரர், கட்டாயம் கேட்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தவணை அன்று தொரை என்னைத் தன் ஜீப்பிலேயே கூட்டிப்போனார். வழியெல்லாம் மழை. டிக்கோயா தாண்டும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பயப்படாதீங்க லிங்கம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

நியாய சபையின் தலைவர் சிங்களப் பெண்மணி. நான் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னார். தெய்வானை முன் வாங்கில், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொழும்பு வக்கீல் பழக்கியபடியே கேட்டார், நான் பழகியபடியே சொன்னேன். பிறகு யாழ்ப்பாணத்து வக்கீல் எழுந்தார்.

"இந்தக் கொம்பியூட்டரிலை பதிஞ்ச நேரத்தைப் பிறகு மாத்தலாமோ?"

"மாத்தத் தெரிஞ்சவங்க மாத்தலாங்க."

"நீங்கள் மாத்தினீங்களோ?"

"இல்லீங்க."

"வேறை ஆரும் அந்த அறைக்குள்ளை போறவையோ?"

"சாவி எங்கிட்டத்தாங்க."

அவர் தாளைப் புரட்டினார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிகாரத்தில் என்ன நேரம் ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பாவம், அவர் அட்டனில் குடியிருக்கிறவர். தோட்டத்துக்கு என்று தனியாக ஒரு நேரம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெய்வானைக்கோ, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்காது. அவளுக்குச் சங்கு ஊதினால் நாலு மணி.

"வேறை கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

இறங்கலாம் என்றார் மொழிபெயர்ப்பாளர். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தடவையும் இறங்கச் சொன்னார். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க. அந்த மூணே முக்கா டவுன் நேரம் இல்லீங்க. தோட்டத்து நேரம்."

மொழிபெயர்ப்பாளருக்கே விளங்கவில்லை. மூன்று தடவை சொல்லவைத்தார். பெரட்டு, சங்கு, பழைய நேரம், அரை மணி என்று உளறிக் கொட்டினேன். விளங்கியதும் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொழும்பு வக்கீல் பாய்ந்து எழுந்தார். ஒழுங்காக இயங்கியது என்று சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தவர் இப்போது மாற்றிப் பேசுகிறார், யார் கொடுத்த தைரியம், இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

"மெஷின் ஒழுங்காத்தாங்க ஓடுச்சு. நேரத்தப் பத்தி எழுதாமக் கையெழுத்து வச்சது என் பிழதாங்க." ஆதாரம் என்றதும்தான் எனக்கு நினைவு வந்தது. "அந்தக் கடிதம் கொழும்புக்கு ஃபேக்ஸ்ல போச்சுங்க. போய்ச் சேர்ற எடத்து நேரம் தாளுக்கு மேல விழும்."

கம்பனியே கொடுத்த ஆவணக் கட்டில் அந்தப் பிரதி இருந்தது. யாழ்ப்பாணத்து வக்கீல் அவசர அவசரமாகப் புரட்டி எடுத்தார். கொழும்பு இயந்திரம் தலையில் அடித்திருந்த நேரம் 3.38. என் அச்சுத்தாளின்படி அந்தக் கடிதம் பிறந்தது 3.45. பிறக்க ஏழு நிமிடம் இருக்கும்போதே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டது. தலைவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, விசாரணை நடக்கும்போது இதை அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"பெரிய தொரைங்க" என்றேன். பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. பஸ்ஸில்தான் வந்தேன். மறுநாள் காலை தொரை என் மேசைக்கு வந்து, "சாவி" என்றார். அவ்வளவுதான். கணினி அறைக்குள் அதன் பிறகு நான் போனதில்லை. மீதி வருடங்களைப் பெக்டரியில் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் கழித்தேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. வழக்கு நடக்கும்போது நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று வக்கீல் சொல்லியிருப்பார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பயம் என்னவோ ஓய்வு பெறும் வரை விடவில்லை.

சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. தெய்வானையை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொன்னார்கள். காம்பிரா தங்கியது. சங்கத்துக்காரர்கள் என்னைக் கண்டால் கை கொடுத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பெரிய காரியம் பண்ணிவிட்ட மாதிரி. தெய்வானை மட்டும் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவாள், பேச மாட்டாள்.

ஒரு நாள் அட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பஸ் டிக்கோயா தாண்டியது. பிறகு அவளாகவே தொடங்கினாள்.

"கிளாக்கரய்யா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா."

"கேளு தெய்வானை."

"அன்னைக்கு நான் உள்ள பேசிக்கிட்டு இருக்கையில, பக்கத்து ரூம்புல டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சுங்களே. அது அந்தக் கடுதாசியத்தான் அடிச்சீங்களா?"

"ஆமா" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் சொல்றதத்தான் அங்கிட்டு யாரோ எழுதுறாங்கன்னு நெனச்சேங்க. ஒரு வார்த்தையும் விட்டுப்போயிறக் கூடாதுன்னு, அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் பாத்துப் பாத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்."

பஸ் நோர்வூட்டில் நின்றது. என் இடத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. நான் அங்கேயே இறங்கிவிட்டேன்.